குற்றமும் விபத்தும் ஒரே வேரில் முளைப்பவையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் ஒரே ஆண்டுக்குள் இரண்டு வெட்டுக் கொலைகள். அடுத்தடுத்துப் பல பைக் விபத்துச் சாவுகள். செத்தவர்கள், கொன்றவர்கள் எல்லோரும் ஏறக்குறைய முப்பது வயதைத் தொடாத ஆண்கள். பையன்களின் திமிர்தான் காரணம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நீங்கள் படித்த கட்டுரையோ சமூக அமைப்பும் சமூக அழுத்தமும் காரணம் என்கிறது. குற்றத்துக்குச் சமூகக் காரணம் இருக்கலாம், வண்டி கவிழ்வதற்குமா இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: சமூகத்தைக் காரணம் காட்டினால் செய்தவனின் பொறுப்பு கழன்றுவிடாதா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் குற்றவியல் கற்பித்தவன். தென்மாவட்டக் காவல் நிலையங்களின் கொலை வழக்கு, விபத்து வழக்குக் கோப்புகளை மாணவர்களோடு உட்கார்ந்து பல ஆண்டுகள் படித்தவன். மனநல மருத்துவனோ சாலைப் பொறியாளனோ அல்ல. என் பதிலை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

சமூக அமைப்பு என்று நான் சொல்வதில் சாதி, வர்க்கம், ஆண் பெண் வேறுபாடு ஆகியவற்றோடு, யார் எந்த வேலைக்குப் போகிறார்கள், எந்த வண்டியில் போகிறார்கள், எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், தகராறு வந்தால் யாரிடம் போய் முறையிட முடிகிறது என்பதெல்லாம் அடங்கும். வேலை போவது, விலை ஏறுவது, கடன் சேர்வது, குடும்பம் உடைவது, பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போவது இவையெல்லாம் ஒரே காலத்தில் பலர் மேல் விழும்போது அதைச் சமூக அழுத்தம் என்கிறோம். அழுத்தம் கூடினால் குற்றமும் விபத்தும் கூடும் என்று நேராகக் கோடு போட முடியாது. மழை எல்லா ஊரிலும்தான் பெய்கிறது. எந்தக் கண்மாய் உடையும் என்பதைக் கரைதான் முடிவு செய்கிறது. அமைப்பைப் பொறுத்து, ஒரே அளவு அழுத்தம் ஓரிடத்தில் கொலையாகிறது, ஓரிடத்தில் சாலைச் சாவாகிறது, இன்னோரிடத்தில் பெரிய சேதமில்லாமல் கடந்து போகிறது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான். இதற்கு என்ன ஆதாரம், அதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

குற்றத்தையும் விபத்தையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் பழையது ஒன்று எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே டில்மன், ஹாப்ஸ் என்ற இருவர் முதலில் டாக்சி ஓட்டுநர்களோடு பழகி, அவர்களுடைய வாழ்க்கையைக் கவனித்தார்கள். பிறகு நான்கும் அதற்கு மேலும் விபத்துகளில் சிக்கிய 96 ஓட்டுநர்களையும், விபத்தே இல்லாத 100 ஓட்டுநர்களையும் எடுத்துக்கொண்டு, அவர்களின் பெயர்கள் நீதிமன்றம், கடன் தகவல் அலுவலகம், சமூகநல அமைப்பு, பொதுச் சுகாதார மையம் ஆகியவற்றின் பதிவேடுகளில் இருக்கின்றனவா என்று தேடினார்கள். விபத்துக்காரர்களில் 66 சதவீதம் பேர் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்தார்கள். மற்றவர்களில் 9 சதவீதம்தான். மனிதன் வாழ்கிற மாதிரியே வண்டியும் ஓட்டுகிறான் என்று 1949-ல் அவர்கள் எழுதிய முடிவு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கடனும் வழக்கும் குடும்பச் சிக்கலும் உள்ளவன் சாலையிலும் அதே பதற்றத்தோடுதான் இருக்கிறான் என்பது அதன் பொருள்.

இந்த ஆய்வை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்வேன். சமூகநல அலுவலகத்தின் பதிவேட்டில் யார் பெயர் ஏறும்? ஏழையின் பெயர்தான் ஏறும். வசதியுள்ளவன் தன் குடும்பச் சிக்கலைத் தனி மருத்துவரிடமும் வக்கீலிடமும் கொண்டுபோய் ஓசையில்லாமல் தீர்த்துக்கொள்கிறான். ஆகவே அந்த 66 சதவீதத்துக்குள் குணமும் இருக்கிறது, வறுமையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுக்க அந்த ஆய்வால் முடியாது. இதற்கு முன்பே, முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் நடந்த விபத்துகளைக் கிரீன்வுட், வூட்ஸ் ஆகியோர் கணக்கெடுத்து, சில தொழிலாளர்களுக்கே திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று 1919-ல் காட்டியிருந்தார்கள். அதிலிருந்துதான் விபத்துக்கு ஆளாகும் சுபாவம் என்ற கருத்து வளர்ந்தது. இயந்திரத்துக்குத் தடுப்புப் போடாத முதலாளிகளுக்கு இந்தக் கருத்து மிகவும் வசதியாக இருந்தது. விரல் போனவனின் சுபாவமே சரியில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் திமிரும் இதே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுபோகும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சமூகவியலின் அடிப்படை முடிவுகள் சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தற்கொலை என்பது ஆளுக்கு ஆள் மாறும் தனிப்பட்ட சோகம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு நாட்டிலும் அதன் விகிதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்று பிரெஞ்சு அறிஞர் துர்கைம் 1897-ல் காட்டினார். திடீர் வறுமை மட்டுமல்ல, திடீர் வளமும் அந்த விகிதத்தைக் கூட்டுகிறது என்பதையும் கவனித்தார். பழைய கட்டுப்பாடு தளர்ந்து, புதியது இன்னும் வராத இடைவெளிதான் ஆபத்தானது என்பது அவர் எடுத்த முடிவு. எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டிவிட்டு, அதை அடையும் வழியைச் சிலருக்கு மட்டும் திறந்துவைக்கும் சமூகத்தில் குற்றம் பெருகும் என்றார் அமெரிக்கரான மெர்ட்டன், 1938-ல். இவற்றைவிட எனக்குப் பயன்பட்டது சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் உடனிருந்தவர்களும் செய்து 1997-ல் வெளியிட்ட ஆய்வு. 343 குடியிருப்புப் பகுதிகளில் விசாரித்தார்கள். தெருவில் பையன்கள் வம்பு செய்தால் அக்கம்பக்கத்தார் தலையிடுவார்களா, ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்று கேட்டார்கள். ஒரே அளவு வறுமை உள்ள பகுதிகளிலும், இந்த நம்பிக்கை இருந்த இடத்தில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைப் போக்க ஒரு தலைமுறை ஆகலாம். தெருவில் ஒருவர் தலையிடுவதற்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

அழுத்தம் குற்றத்தையும் விபத்தையும் ஒருசேர உயர்த்தியதற்கு வலுவான சான்று ரஷ்யா. சோவியத் ஒன்றியம் 1991-ல் சிதைந்தது. 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மக்களின் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. ஆலைகள் சம்பளம் கொடுக்கவில்லை. ஆண்களின் சராசரி ஆயுள் 1990-ல் ஏறத்தாழ 64 ஆண்டுகள். 1994-ல் 58-க்கும் கீழே விழுந்துவிட்டது. போரோ பஞ்சமோ பெருந்தொற்றோ இல்லாமல் நடந்தது இது. கொலை விகிதம் அந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது. அதே காலத்தில் தற்கொலை, சாராய நச்சு, நீரில் மூழ்குதல் போன்ற சாவுகளும் மாரடைப்பும் கூடின. இவற்றை வெவ்வேறு நோய்களாக யாரும் பார்க்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஊடே ஓடியது வோட்கா. 1985-ல் கோர்பச்சேவ் மதுவைக் கட்டுப்படுத்தியபோது கொலையும் விபத்தும் ஒன்றாகக் குறைந்திருந்தன. கட்டுப்பாடு தளர்ந்து, நெருக்கடியும் வந்து சேர்ந்தபோது இரண்டும் ஒன்றாக ஏறின.

ஆனால் அதே ஆண்டுகளில் போலந்தும் பழைய பொருளாதாரத்திலிருந்து வெளியேறியது. அங்கேயும் ஆலைகள் மூடின, வேலையின்மை கடுமையாக இருந்தது. ஆனாலும் 1991-க்குப் பிறகு அங்கே ஆயுள் ஏறத் தொடங்கியது. ஏன் என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது: உணவுப் பழக்கம், வலுவான தேவாலயமும் தொழிற்சங்கமும், மாற்றம் நடந்த வேகம், குடிக்கும் முறை என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: இரண்டு நாடுகளிலும் நெருக்கடி கடுமையாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை.

அமெரிக்கக் கணக்கும் இதையே சொல்கிறது. 2008-ல் வங்கிகள் கவிழ்ந்து லட்சக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தபோது குற்றம் பெருகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். கொலை குறைந்தது. சாலைச் சாவும் 2007-ல் 41,000-க்கு மேல் இருந்தது, 2009-ல் 34,000-க்குக் கீழே இறங்கியது. கையில் காசு இல்லாதபோது இளைஞர்களின் இரவுப் பயணமும் உல்லாசப் பயணமும் குறைகின்றன. ஆபத்தான ஓட்டம் அங்கேதான் அதிகம். 2020-ல் இதற்கு நேர்மாறு. பெருந்தொற்றால் வண்டி ஓடிய தூரம் ஏறத்தாழ 11 சதவீதம் குறைந்தும் சாலைச் சாவு 7 சதவீதம் வரை கூடியது. கொலை ஒரே ஆண்டில் 30 சதவீதத்தை ஒட்டிக் கூடியது. இந்தியாவில் அதே 2020-ல் சாலைச் சாவு 1,51,113-லிருந்து 1,31,714-ஆகக் குறைந்தது; கொலை ஒரு சதவீதம் அளவே கூடியது. ஊரடங்கின் துயரம் இங்கே அமெரிக்காவைவிடக் குறைவு என்று யார் சொல்ல முடியும்? தலையில் மூட்டையோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்துபோன தொழிலாளர்களை நாம் பார்த்தோம். அங்கே வீட்டுக்கு வீடு துப்பாக்கியும் காலியான அகலச் சாலையும் இருந்தன. இங்கே தெருமுனையில் போலீஸ் தடுப்பு இருந்தது. துயரம் வெளியே வருவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைக் கையிலிருக்கும் பொருளும் இடமும் தீர்மானிக்கின்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஏறத்தாழ 19 சதவீதம் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள். தேசிய நெடுஞ்சாலைகள் மொத்தச் சாலை நீளத்தில் இரண்டு சதவீதம் அளவே இருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சாவு அவற்றில்தான். இதை வெறும் தற்செயல் என்று சொல்வது கடினம். காருக்குள் ஏர்பேக்கோடு போகிறவனுக்கும், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கும், கூலி வேலைக்கு லோடு ஆட்டோவின் பின்னால் நின்றுகொண்டு போகிறவளுக்கும் ஒரே சாலை ஒரே ஆபத்தைத் தருவதில்லை.

நான் படித்த ஒரு கோப்பைச் சொன்னால் விளங்கும். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு கிராமம். இறந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயக் கூலிப் பெண். விடிவதற்கு முன் களையெடுக்கப் போகச் சாலையைக் கடந்தபோது காய்கறி ஏற்றிவந்த லோடு வண்டி மோதிவிட்டது. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதியதாக முதல் தகவல் அறிக்கை சொன்னது. அநேகமாக எல்லா விபத்து வழக்கிலும் இதே வரிதான் இருக்கும். சம்பவ இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் பார்வை மகஜரையும், அந்த இடத்தின் மாதிரி வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தோம். ஊர் சாலைக்குக் கிழக்கே, வயல் மேற்கே. சாலைக்கு அடியில் கடந்துபோகும் வழி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால். நடுத் தடுப்பை ஊர்க்காரர்களே ஓரிடத்தில் உடைத்து வழி செய்திருந்தார்கள். தெருவிளக்கு இல்லை. ஓட்டுநரின் வாக்குமூலத்தில், சந்தை திறப்பதற்குள் சரக்கை இறக்கினால்தான் நடைக் கூலி முழுதாகக் கிடைக்கும், முந்தைய இரவும் தூங்கவில்லை என்று இருந்தது. சாலையைப் போட்டவர்கள் ஊரை இரண்டாகப் பிளந்தபோது எடுத்த முடிவு, காய்கறி வியாபாரத்தில் நேரத்துக்குக் காசு வைத்தவர்களின் முடிவு, கூலிக்கு விடியுமுன் ஆள் வேண்டும் என்ற வயல்காரரின் முடிவு, எல்லாம் அந்த உடைந்த தடுப்பில் வந்து சந்தித்தன. வழக்கில் குற்றவாளியாக நின்றது அந்த ஓட்டுநர் ஒருவர்தான். அவர் செய்தது தவறு. ஆனால் அவரைச் சிறையில் வைத்தாலும் அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருத்தி சாவாள் என்பதும் உண்மை.

கொலைக் கோப்புகள் வேறு மாதிரியானவை என்றுதான் நானும் முதலில் எதிர்பார்த்தேன். 2022-ன் தேசியக் கணக்கில் கொலைக்கான காரணங்களில் முதலிடம் தகராறுகளுக்கு, 9,962 வழக்குகள். அடுத்தது முன்விரோதம், 3,761. ஆதாயத்துக்காக நடந்தவை 1,884 மட்டுமே. பசித்தவன் திருடப்போய்க் கொன்றான் என்ற கதை மிக அரிது. வரப்பு, வண்டிப் பாதை, பங்காளிச் சொத்து, கொடுத்த கடன், கோயில் கொடைத் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, யாருடைய பதாகை யாருடைய தெருவில் என்பவைதான் கோப்புகளை நிரப்புகின்றன. நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தில் இதற்கு மேல் சாதி வந்து உட்கார்கிறது. ஒரு கொலைக்குப் பதிலாக இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஒன்றுமில்லாத ஏழைகள் மட்டும் வாழும் ஊரில் இந்தத் தொடர்கள் அதிகம் இல்லை என்பது என் அனுபவம். பழைய ஏற்றத்தாழ்வு அசையத் தொடங்கிய ஊர்களில்தான் அதிகம் பார்த்தேன். ஒரு பக்கம் படித்து, வேலைக்குப் போய், புது பைக் வாங்கி, இனிப் பணிய மாட்டேன் என்கிற இளைஞன். இன்னொரு பக்கம் நிலமும் செல்வாக்கும் கைவிட்டுப் போக, பெருமை மட்டும் மிஞ்சிய இளைஞன். இருவர் கையிலும் பட்டம் இருக்கிறது, அதற்கேற்ற வேலை இல்லை. துர்கைம் சொன்ன இடைவெளி இங்கே கண்முன் தெரிகிறது. ஆனால் இது கோப்புகளைப் படித்து நான் அடைந்த முடிவு. இதை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் கொலை நடக்காத, அதே மாதிரியான ஊர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாக வேண்டும்.

அழுத்தம் எதுவும் கூடாமலே, அமைப்பு ஒன்றே ஆளைக் கொல்லும் இடமும் உண்டு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் விஷவாயு தாக்கிப் பலி என்ற செய்தியை மாதந்தோறும் படிக்கிறோம். அரசுக் கணக்குகளில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவருகிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. 1993-லிருந்து இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் உத்தரவிட்டு, 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இந்த வேலை செய்பவர்கள் என்று மத்திய அரசின் திட்டத்தில் பதிவானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். குழி எல்லாச் சாதி வீட்டிலும் இருக்கிறது; அதற்குள் யார் இறங்குவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறது. சட்டப்படி இது குற்றம், செய்தித்தாளில் விபத்து. உங்கள் கேள்வியில் குற்றத்தையும் விபத்தையும் இரண்டாகப் பிரித்தீர்கள். இந்தச் சாவை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

சிவகாசிப் பகுதியில் அழுத்தமும் அமைப்பும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 40 பேர் வரை இறந்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வெடிக்கிறது. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு வெடித்தது என்று செய்தி முடிந்துவிடும். உராய்வு எப்போதும்தான் இருக்கிறது. ஒரு அறையில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேர் ஏன் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். உரிமம் வாங்கியவர் ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரர் போட்ட பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். தொழிலாளிக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. முன்பணம் வாங்கியிருந்தால் இன்னும் வேகம் வேண்டும். அறை போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்துகிறார்கள். வெயில் ஏறுகிறது. இத்தனையும் சேர்ந்த பிறகு ஒரு பொறிதான் பாக்கி. வானம் பார்த்த கரிசல் பூமியில் வேறு வேலை இல்லாததால்தான் அந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மதுவைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொலைக்கும் விபத்துக்கும் நடுவே நேரடியான பாலம் என்று ஒன்றைக் கைகாட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். குடி அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அழுத்தத்தில் இருப்பவனின் கையில் அரிவாளையும் ஆக்ஸிலேட்டரையும் அது ஒன்றுபோலக் கொடுக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டதும், பிறகு அதில் விலக்குகள் வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். அரசுக் கடைப் பாட்டிலைவிட அது மலிவு. விற்றவனுக்கு அது குற்றம், குடித்தவனுக்கு விபத்து, அந்தத் தெருவின் பிள்ளைகளுக்கு அனாதை வாழ்க்கை.

புள்ளிவிவரத்தை நம்புவதிலும் சில எச்சரிக்கைகள் தேவை. 1986-ல் லின்ஸ்கி, ஸ்ட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விவாகரத்து, ஆலைமூடல், திவால் போன்ற நிகழ்வுகளைக் கூட்டி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் அழுத்த அளவு போட்டு, அது கூடிய மாநிலங்களில் குற்றமும் நோயும் வாகன விபத்தும் எப்படி இருக்கின்றன என்று ஒப்பிட்டார்கள். அழுத்தம் கூடிய மாநிலங்களில் அவையும் கூடுதலாக இருந்தன. நீங்கள் படித்த கட்டுரைக்கும் இதுபோன்ற ஆய்வுதான் அடிப்படையாக இருக்க வேண்டும். முயற்சி நல்லது. ஆனால் மாநிலத்துக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்த வேண்டியதில்லை. விவாகரத்து அதிகமுள்ள மாநிலத்தில் விபத்தும் அதிகம் என்றால், விவாகரத்தானவர்களே வண்டியை மோதினார்கள் என்று ஆகிவிடாது. பதிவும் ஒரு சிக்கல். 2022-ல் பீகாரில் 10,801 விபத்துகளில் 8,898 சாவு; கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317. பீகாரில் அடிபட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் சாகிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. சாவு இல்லாத விபத்துகள் அங்கே காவல் நிலையம்வரை வருவதே இல்லை என்பதுதான் பொருத்தமான விளக்கம். நம் குற்றக் கணக்கில் இன்னொரு விதியும் உண்டு: ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் கடுமையானது மட்டும் எண்ணப்படும். தற்கொலைகள் சில விபத்தாகவும், கொலைகள் சில தற்கொலையாகவும் எழுதப்படுவதைக் கோப்புகளில் நானே சந்தேகித்திருக்கிறேன். குறிப்பாக இளம் பெண்களின் தீக்காயச் சாவுகளில்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? அரிவாளைத் தூக்கியவன் தண்டிக்கப்பட வேண்டும். அதே தெருவில், அதே வறுமையில், அதே அவமானத்தில் அரிவாளைத் தூக்காத இருபது பேர் இருந்தார்கள் என்பதே அதற்குப் போதுமான நியாயம். ஆனால் தண்டனை நடந்ததற்கு மட்டுமே பதில். அடுத்து நடக்கப்போவதைப் பற்றி அக்கறை இருந்தால் சாலையையும் கூலி முறையையும் மதுக்கடை இருக்கும் இடத்தையும் மனு வாங்கும் முறையையும் பார்த்தாக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வதில் முரண் எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்பவர்களிடம் எனக்குச் சந்தேகம் வருகிறது.

உங்கள் ஊருக்கு நான் செய்யச் சொல்வது இரண்டு வேலைகள். காவல் நிலையத்தில் கேட்டு, கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பத்து ஆண்டு விபத்துச் சாவுகளின் இடம், கிழமை, மணி, வண்டி, இறந்தவரின் தொழில் ஆகியவற்றை மட்டும் வாங்குங்கள், பெயர்கள் வேண்டாம். ஊர் வரைபடத்தில் அவற்றைக் குறியுங்கள். பரவலாக அமையாமல் இரண்டு மூன்று இடங்களில் குவியும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த வரைபடத்தோடு ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போங்கள். குறிப்பிட்ட இடத்தையும் மணியையும் காட்டிக் கேட்கும்போது வேகத்தடையும் விளக்கும் கிடைக்க வாய்ப்பு அதிகம். கொலைகளுக்கு வேறு ஒன்று தேட வேண்டும். அந்த இரண்டு வழக்குகளிலும், கொலைக்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளில் அதே குடும்பங்கள் காவல் நிலையத்திலோ தாலுகா அலுவலகத்திலோ கொடுத்த மனுக்கள் இருந்தனவா என்று விசாரியுங்கள். நான் படித்த முன்விரோதக் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு மனு ரசீது இருந்தது; நில அளவை செய்ய சர்வேயர் வரவில்லை, இரு தரப்பையும் அழைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், அதோடு நின்றுவிட்டது. இப்போது உங்கள் ஊரில் அப்படி நிலுவையில் இருக்கும் மனுக்கள் எவை என்பதைத் தெரிந்துகொண்டு, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மூன்று நான்கு பேரையாவது அழைத்துக்கொண்டு அந்த அளவையை இந்த மாதமே நடத்திக்கொடுங்கள்.